தடைக்காலத்தில் அளந்த மூச்சு

தங்கச்சிமடத்தில் ஒரு சமுதாயக் கூடம். வெளியே மண் சுடுகிறது. உள்ளே பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோரும் திருவிழாவுக்குக் கட்டும் சேலையில் வந்திருக்கிறார்கள். தலையில் மல்லிகை, முகத்தில் பவுடர். யாரோ கல்யாண வீடு என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மேசைமேல் மூச்சை அளக்கிற கருவி இருந்தது. அட்டைக் குழலை வாயில் வைத்துக்கொண்டு, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ஒரே மூச்சாக ஊத வேண்டும். நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும்.

முதலில் வந்தவர் சகாயம். நாற்பதைத் தாண்டியவர். அந்த ஊரின் இறால் ஷெட்டில் வேலை. காலை முதல் மாலை வரை இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரிக்க வேண்டும். கணவர் போன படகு அக்கரையில், இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டது. அவர் திரும்பி வந்தார், படகு வரவில்லை. அதற்குப் பிறகு வீடு ஓடியது சகாயத்தின் விரல்களால்தான்.

குழலை வாயில் வைத்தார். கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். ஊதினார் பாருங்கள், திரையில் கோடு ஜம்மென்று மேலே ஏறியது. கருவியோடு வந்திருந்த இளம் டாக்டர், "சூப்பர்ம்மா! நார்மல்!" என்றார். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அடுத்தவரும் நார்மல். அதற்கடுத்தவரும் நார்மல். மூச்சு முட்டுகிறது, நெஞ்சு இறுகுகிறது, பாம்பன் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம் என்று மாதக்கணக்கில் முறையிட்ட பெண்கள் அத்தனை பேரும் அன்றைக்கு ஓட்டப்பந்தயக்காரிகளைப் போல ஊதித் தள்ளினார்கள்.

இதை விசாரிக்க அரசு அமைத்த குழுவில் ரத்தச் சோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்டு, ஓரமாக உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் வரிசையின் கடைசியில் அந்த நீல நிறத்தைப் பார்த்தேன்.

நீலப் பம்பு

இழுப்புக்காரர்கள் வைத்திருப்பார்களே, வாயில் வைத்து அழுத்தினால் மருந்து புகையாக உள்ளே போகும், அந்தக் கையடக்கப் பம்பு. முந்தானைக்குள் மறைந்தபடி கைமாறிக்கொண்டிருந்தது. ஒருவர் குனிந்து ஓர் இழுப்பு இழுப்பார், முந்தானையால் துடைப்பார், அடுத்தவரிடம் கொடுப்பார்.

ஊதி முடித்துப் பெருமையாக நின்ற சகாயத்தைத் தனியே கூப்பிட்டேன்.

"சகாயம், என்ன அது?"

"அதா? என்னோடதுதான் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியில குடுத்தாக. ஊதுறதுக்கு முன்னாடி ஒரு இழுப்பு இழுத்துக்கிட்டா நெஞ்சு தொறந்துக்கிரும்."

"எல்லாருமா இழுத்தீங்க?"

"பரிச்சைன்னா படிச்சிட்டுத்தானே போகணும்?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூச்சு கம்மின்னு எழுதிட்டாகன்னா ஷெட்டுல சேக்க மாட்டாக. மேனேஜரு அப்பவே சொல்லிட்டாரு, நோயாளிகளை வச்சு நான் கம்பெனி நடத்த முடியாதுன்னு. நாங்க என்ன செய்ய?"

நோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குழு. நோய் தெரிந்துவிடக் கூடாதே என்று மருந்தைப் பகிர்ந்து இழுத்துவிட்டு வரும் நோயாளிகள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேலை போய்விடும் என்று மிரட்டிவிட்டு உண்மையை ஊதச் சொன்னால் யார் ஊதுவார்கள்?

கோபம் அடுத்த கேள்விக்கு வந்த பதிலில்தான் வந்தது. "கடைசியா எப்ப ஷெட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டேன்.

"போட்டெல்லாம் கரையேறிருச்சே. ஏது எறா, ஏது வேலை? ஒரு மாசத்துக்கு மேல வீட்டுலதான் கெடக்கோம். இப்ப நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா. ராத்திரிகூட இருமல் இல்ல."

தடைக்காலம்! சித்திரை பிறந்தால் இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்று அரசு போட்டிருக்கும் தடை. படகுகளைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள், கிழிந்த வலையைப் பொத்துவார்கள். அந்த ஷெட்டுக்கு வருவது விசைப்படகு இறால் மட்டும்தான். படகு நின்றால் ஷெட்டுக்குப் பூட்டு.

வேலையினால் மூச்சு கெடுகிறதா என்று கண்டுபிடிக்க வந்தவர்கள், வேலையே இல்லாத மாதத்தைப் பார்த்து வந்திருக்கிறார்கள். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு சமையலறைக்குள் வந்து, இங்கே சூடே இல்லையே என்று எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அங்கேயே நின்றபடி குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். அவர் மாவட்டத் தலைநகரில் பெரிய அதிகாரி. ஒரு காலத்தில் மருத்துவம் பார்த்தவர், பிறகு கோப்பு பார்க்கப் போய்விட்டவர்.

"தேதியை யார் சார் முடிவு பண்ணினது?"

"நான்தான் மேடம். ஏன்? தடைக்காலத்துலதானே எல்லா லேடீஸும் ஃப்ரீயா இருப்பாங்க? சீசன்ல கூப்பிட்டா கம்பெனிக்கு வேலை கெட்டுப்போகும்ல?"

அவர் கேலி செய்யவில்லை. மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மிளகாயும் சித்தப்பாவின் உதடும்

ஆய்வகத்தின் எலி அறையில் நான் கழித்த வருடங்களைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அம்மா, ஏன் எல்லா வாரமும் கோபமாகவே எழுதுகிறீர்கள்? விஞ்ஞானிக்கு நிதானம் வேண்டாமா?" நிதானமெல்லாம் ஆய்வகத்தில் வைத்திருந்தேன் ஐயா. அங்கே தேவைப்பட்டது. ஓய்வு பெற்ற பிறகு மிச்சமிருப்பது இதுதான்.

ஆனாலும் இந்த வாரம் அவருக்காகக் கொஞ்சம் நிதானமாக ஒரு பாடம். என் தொழிலே இதற்குள் அடங்கியிருக்கிறது.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிற கிராமம். கடல் அதிக தூரமில்லை, ஆனால் நாங்கள் கரைக்காரர்கள் அல்ல. மிளகாய்க்காரர்கள். என் அய்யாவுக்குக் குண்டு மிளகாய்தான் உலகம். அறுப்புக் காலத்தில் களம் முழுக்கச் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருக்கும். நடந்தால் காலடியில் விதை கலகலக்கும்.

அம்மா மிளகாய் வறுக்க ஆரம்பித்தால் தெருவே தும்மும். அய்யா தும்முவார், நான் இருமுவேன், மாடு தலையை ஆட்டும். எதிர்வீட்டிலிருந்து சத்தம் வரும்: "ஏத்தா, ஊரையே கொல்லப் போறியா? அடுப்படிச் சன்னலச் சாத்து!" பணக்காரர், ஏழை, குண்டு, ஒல்லி என்று அந்த நெடிக்குப் பேதமே கிடையாது. போதுமான அளவு மூக்குக்குள் போனால் எல்லோரும் இருமித்தான் ஆகவேண்டும்.

இன்னொரு பக்கம் என் சித்தப்பா. உப்பூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் சில நாள் இறால் கொண்டுவருவார். வீடே சப்புக்கொட்டிச் சாப்பிடும். சித்தப்பா ஒன்றே ஒன்றை வாயில் போட்டால் போதும், உதடு வீங்கி முகம் மாறிவிடும். "அவன் ஒடம்பு அப்படி" என்று அய்யா சொல்வார். எங்கள் உடம்புக்கு உணவாகத் தெரிந்த இறால், அவர் உடம்புக்கு எதிரியாகத் தெரிந்தது.

மிளகாய் நெடி நச்சியல். சித்தப்பாவின் உதடு நோயெதிர்ப்பியல். முதலாவதில் பொருளைப் பிடித்து விசாரிக்க வேண்டும். இரண்டாவதில் அந்த ஓர் உடம்பு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் படித்துப் பட்டம் வாங்கப் பல வருடம் ஆயிற்று. எங்கள் தெருவில் அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சித்தப்பாவுக்கு உதடு வீங்கினால் யாரும் சன்னலைச் சாத்தச் சொல்லவில்லை. மிளகாய் நெடிக்கு இருமினால் யாரும் "உன் உடம்பு சரியில்லை" என்று சொல்லவில்லை.

ஒரே வராண்டாவில் இரண்டு துறை

சென்னையில் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் இந்த இரண்டு துறைகளும் ஒரே வராண்டாவின் இரண்டு முனைகளில் இருந்தன. நடுவில் தண்ணீர்க் குழாய். ஒரு துறைக்காரர் தண்ணீர் பிடிக்கும்போது அடுத்த துறைக்காரர் வந்தால் திரும்பிப் போய்விடுவார்.

நான் எதிர்ப்புப் பொருள்களை, அதாவது ஆன்டிபாடிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினேன். பிறகு நச்சியல் பக்கம் வேலை காலியாக இருந்தது, போனேன். அன்றிலிருந்து இரண்டு பக்கத்திலும் எனக்கு இடமில்லை. பழைய துறையில் என்னை "விஷக்காரி" என்றார்கள். புதிய துறையில் "ரத்தக்காரி" என்றார்கள். புதிய துறைத் தலைவர் முதல் நாளே கேட்டார்: "கல்யாணம், குழந்தைன்னு பாதியில போயிர மாட்டீங்களே?" எனக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆண் பாதியில் வெளிநாடு போய்விட்டதால்தான் அந்த வேலையே காலியானது. அவரிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து வரும் நோயாளிகளின் கதையைத்தான் பொறுக்க முடியவில்லை. சாயப்பட்டறையிலிருந்து ஒருவர் வருவார், தோல் வெந்திருக்கும். நச்சியல்காரர்கள் பார்த்துவிட்டு, "இது ஒவ்வாமை மாதிரி இருக்கு, அந்தப் பக்கம் போங்க" என்பார்கள். அந்தப் பக்கம், "இது கெமிக்கல் விஷயம், இந்தப் பக்கம் போங்க" என்பார்கள். அவர் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். சில நாள் நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

சகாயத்தையும் அப்படித்தான் குழாயடியில் நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று தங்கச்சிமடத்துக் கூடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

அவருக்கு எது பறிபோக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஷெட்டில் ஏதோ ஒன்று மூச்சைக் கெடுக்கிறது என்று குழு எழுதினால், முதலாளி காற்றோட்டத்துக்கு வழி செய்ய வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும், யாரையும் நீக்கக் கூடாது. பெண்களின் உடம்பில்தான் கோளாறு என்று எழுதினால் சகாயம் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பாம்பனிலோ மண்டபத்திலோ இன்னொரு ஷெட்டும் சேர்க்காது. இழுப்புக்காரி என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

தீக்குச்சி வாடை

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பியதும், யாரிடமும் தேதி கேட்காமல் நானே கருவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். குழு உறுப்பினர் என்பதால் வாசலில் தடுக்க முடியவில்லை.

உள்ளே நுழைந்ததும் குளிர். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். ஈ வரக் கூடாது, ஐஸ் கரையக் கூடாது என்று சன்னல்களைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வாசலுக்குக் கனத்த பிளாஸ்டிக் திரை. வெளிநாட்டுக்குப் போகிற இறாலுக்கு அவ்வளவு பாதுகாப்பு. உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் காற்று வர ஒரு துவாரம் கிடையாது.

மூலையில் ஒரு பெரிய தொட்டி. அதில் தண்ணீரும் ஐஸும். பிடித்த இறால் சும்மா கிடந்தால் தலைப்பக்கம் கறுத்துவிடும், விலை போகாது. கறுக்காமலிருக்க ஒரு வெள்ளைப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, இறால் கூடையை முக்கி எடுப்பார்கள். அதன் பெயர் சோடியம் மெட்டாபைசல்பைட். அளவோடு, காற்றோட்டத்தோடு பயன்படுத்தினால் அது ஒன்றும் எமன் அல்ல. இங்கே ஒரு பெண் மூட்டையிலிருந்து கையால் அள்ளி, தொட்டிக்கு மேலிருந்து கொட்டி, கையாலேயே கலக்கிக்கொண்டிருந்தார். பவுடர் புகையாக எழுந்தது. கூடவே, தீக்குச்சி உரசினால் வருமே, அந்த வாடை. மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சகாயம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "இதுதான் டாக்டரம்மா எங்க சென்ட்டு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது.

இந்த முறை பம்பு கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். காலையில் ஷெட்டுக்குள் நுழையும் முன் ஊதச் சொன்னேன். மாலையில் வெளியே வரும்போது மறுபடி ஊதச் சொன்னேன். காலையில் ஏறிய கோடு மாலையில் பலருக்குச் சரிந்துவிட்டது. சகாயத்தால் ஊதி முடிக்கவே முடியவில்லை. குழலை எடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விசில் போன்ற ஒரு சத்தம் அவர் நெஞ்சிலிருந்து எனக்கே கேட்டது.

பக்கத்தில் நின்ற மேனேஜர் சொன்னார்: "இவங்க ஒடம்பு அப்படி மேடம். மத்தவங்கல்லாம் நல்லாத்தானே இருக்காங்க?"

எங்கள் அய்யா சித்தப்பாவைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தைகள். அய்யா சொன்னது சரி. இந்த மனிதர், தெருவே இருமுகிறபோது அதைச் சொல்கிறார்.

ரத்தச் சோதனையும் அதைத்தான் சொன்னது. இறாலுக்கு எதிரான ஆன்டிபாடி சிலருக்கு இருந்தது உண்மை. ஆனால் மூச்சு முட்டிய பெண்களில் பெரும்பாலோருக்கு அது இல்லை. சகாயத்தின் ரத்தத்தில் மருந்துக்குக்கூட இல்லை. அவர் வீட்டில் இறால் தொக்கு வைத்து வழித்துச் சாப்பிடுகிறவர். இறாலுக்கும் அவருக்கும் எந்தப் பகையும் கிடையாது.

"பிறவி உடல்வாகு"

முடிவைத் தீர்மானிக்க மாவட்டத் தலைநகரில் கூட்டம். ஏ.சி. போட்ட அறை, கனத்த திரைச்சீலை, முந்திரிப்பருப்பு, பிஸ்கட். ஷெட் மேனேஜரும் வந்து உட்கார்ந்திருந்தார். சகாயத்தையும் வரச் சொல்லியிருந்தேன். அந்த வாரம் அவரை ஷெட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குழு எழுதப் போவது மேனேஜருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது போல.

தலைவர் வரைவு அறிக்கையை வாசித்தார். தொழிலாளர்களின் மூச்சு இயல்பாக உள்ளது. ஒரு சிலருக்கு இறால் ஒவ்வாமை இருப்பது ரத்தச் சோதனையில் தெரிகிறது. இது அவர்களின் பிறவி உடல்வாகு. இத்தகையவர்களைப் பணியிலிருந்து விலக்குவது அவர்களின் நலனுக்கே நல்லது.

என் சோதனை! ரத்த மாதிரிகளை நான் ராமநாதபுரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து, சென்னைக்கு ரயிலில் மடியில் ஏந்திக்கொண்டு போய்ச் செய்த சோதனை. சிலருக்கு இருந்ததை எடுத்துக்கொண்டார்கள், பலருக்கு இல்லாததை விட்டுவிட்டார்கள். என் உழைப்பைக் கொண்டே அந்தப் பெண்களின் கழுத்தில் கத்தி வைத்திருந்தார்கள்.

"வேலை நாளில் நான் எடுத்த அளவு எங்கே சார்?"

"அது குழு முடிவு பண்ணின தேதியில எடுக்கலையே மேடம். சேர்த்துக்க முடியாது."

"குழு முடிவு பண்ணின தேதியில் ஷெட்டே பூட்டியிருந்தது."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

இந்தப் பதில் வரும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதனால்தான் ஒரு பிளாஸ்டிக் வாளியும், ஷெட்டுக்கு வாங்குகிற அதே கடையில் வாங்கிய பவுடரும் காரில் வைத்திருந்தேன். சகாயத்தை வெளியே வராண்டாவில் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். "என்ன சத்தம் கேட்டாலும் உள்ள வராதீங்க" என்றேன். பிறகு வாளியில் தண்ணீர் பிடித்து, பவுடரோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"யாருக்காவது இழுப்பு, நெஞ்சு வலி உண்டா? இருந்தால் தயவுசெய்து வெளியே போய்விடுங்கள்" என்று கேட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

"என்ன மேடம் விளையாட்டு இது?" என்றார் தலைவர்.

"ஷெட்டில் தினமும் நடக்கிறதுதான் சார். அங்கே மூட்டை, இங்கே ஒரு கை."

அந்தப் பெண் செய்தது போலவே செய்தேன். உயரத்திலிருந்து கொட்டினேன். கையால் கலக்கினேன். வெள்ளையாக எழுந்தது. ஏ.சி. காற்று அதை மேசை முழுக்கப் பரிமாறியது.

முதலில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இருமினார். பிறகு மேனேஜர். பிறகு தலைவர் கைக்குட்டையை எடுத்தார். "சன்னலைத் திற! யாராவது சன்னலைத் திறங்கப்பா!" என்று கத்தினார். திரைச்சீலையை விலக்கினால் கொக்கி துருப்பிடித்திருந்தது. அதற்குள் நாற்காலிகள் உருள எல்லோரும் வராண்டாவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். நானும்தான். வாளியை வெளியே தோட்டத்துப் பக்கம் தூக்கிக்கொண்டு போய் மூடி வைத்துவிட்டுத் திரும்பினேன். எனக்கும் தொண்டை எரிந்தது.

தலைவருக்கு மூச்சு இழுத்தது. சகாயம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து நீலப் பம்பை எடுத்து, நுனியைத் துடைத்து நீட்டினார்.

"இந்தாங்க சார். ஒரு இழுப்பு இழுங்க. நெஞ்சு தொறந்துக்கிரும்."

அவர் பம்பைப் பார்த்தார், சகாயத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு அவரிடம் மூச்சு இல்லை. வாங்கி இழுத்தார்.

சகாயம் என் பக்கம் திரும்பி, அக்கறையாகக் கேட்டார்: "சாருக்கு எறா ஒத்துக்காதோ டாக்டரம்மா?"

கேலி செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பதிலை நான் தலைவரிடம்தான் சொன்னேன்.

"வாளியில் ஒரு இறால்கூட இல்லை சார்."

ஓட்டைக்குக் கீழே

சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கூட்டம் மறுபடி கூடியது. "பிறவி உடல்வாகு" என்ற வரியை அடித்தார்கள். வேலை நாள் அளவைச் சேர்த்துக்கொண்டார்கள். சகாயத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், காற்றை வெளியே தள்ளும் மின்விசிறிகளை ஷெட்டில் பொருத்த வேண்டும் என்று எழுதினார்கள். எனக்கும் ஓர் ஓலை வந்தது. அலுவலகக் கண்ணியத்துக்குப் பொருந்தாத முறையில் நடந்துகொண்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்தப் பெண்களை வருடக்கணக்கில் அதே புகையில் உட்காரவைத்ததற்கு யாரிடமும் யாரும் விளக்கம் கேட்டதாக நான் அறியவில்லை.

சில மாதம் கழித்துத் தங்கச்சிமடம் போனேன். ஷெட்டில் சகாயம் இருந்தார். மெலிந்திருந்தார். சுவரில் மேலே வட்டமாக ஓர் ஓட்டை போட்டிருந்தார்கள். மின்விசிறி இன்னும் வரவில்லை.

"எப்ப வருதாம்?"

"வருது வருதுங்கிறாக." சகாயம் கையிலிருந்த இறாலைக் கிள்ளிப் போட்டார். "இப்ப இதுக்குக் கீழ யாரு உக்காருறதுன்னுதான் எங்களுக்குள்ள சண்டையே. சேச்சே, நமக்குள்ள என்ன சண்டைன்னு மொற வச்சிக்கிட்டோம். இன்னைக்கு என் மொற."

ஓட்டை வழியாக வந்த வெயில் அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. உப்புக்காற்று கொஞ்சம் உள்ளே வந்தது. அவர் அண்ணாந்து வாயைத் திறந்து அதை வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்து அடுத்த இறாலை எடுத்தார்.

நேரே பஸ் பிடித்து மாவட்டத் தலைநகருக்குப் போனேன். அந்த மின்விசிறி எங்கே என்று தலைவரிடம் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று போனேன். அவர் ஊரில் இல்லை. கூட்ட அறைக் கதவு திறந்திருந்தது.

உள்ளே, நாங்கள் இருமிய அதே மேசைக்கு நேர் மேலே, சுவரைத் துளைத்துப் புத்தம்புது மின்விசிறி பொருத்தியிருந்தார்கள். காற்றை வெளியே தள்ளுகிற நல்ல ரகம். அறையில் ஒரு மனிதரும் இல்லை, அது சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் சுவிட்சை அணைத்தேன்.

அலுவலக உதவியாளர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"அணைக்காதீங்கம்மா! சாருக்கு ஒவ்வாமை இருக்கு."